‘டாக்டர் நம்பர் இருக்கா?’ - போனில் மருத்துவரைப் பிடிப்பது ஏன் எல்லோருக்கும் ஈஸியாக இல்லை?

ஒரே ஊர், ஒரே வாரம். இரண்டு பேருக்கு சுகர் மாத்திரையை மாற்றி எழுதுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மூன்றாம் நாள் இருவருக்கும் கை நடுக்கம், வியர்வை, தலைசுற்றல். முதல் ஆளின் மருமகன் டாக்டருக்கு வாட்ஸ்அப்பில் மெசேஜ் தட்டுகிறார். ‘உடனே சர்க்கரை கரைச்சுக் குடுங்க, சுகர் செக் பண்ணிச் சொல்லுங்க’ என்று பத்தே நிமிஷத்தில் பதில் வருகிறது. இரண்டாவது ஆள், மருந்துச் சீட்டில் அச்சடித்திருக்கும் லேண்ட்லைனுக்கு அடிக்கிறார். ரிங் போய்க்கொண்டே இருக்கிறது. பயந்துபோய் மாத்திரையையே நிறுத்திவிடுகிறார். அடுத்த மாசம் செக்கப்புக்குப் போனால் சுகர் எகிறிக் கிடக்கிறது.

நோயும் ஒன்று, மாத்திரையும் ஒன்று. ஒருவரிடம் டாக்டரின் பர்சனல் நம்பர் இருந்தது, இன்னொருவரிடம் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

போனில் மருத்துவம் பார்ப்பது தப்பு என்று இன்னும் பலர் நினைக்கிறார்கள். லாக்டௌன் தொடங்கிய நாளான 2020 மார்ச் 25 அன்றே, இந்தியாவில் டெலிமெடிசினுக்கான வழிகாட்டு நெறிமுறைகள் வெளியாகிவிட்டன. வீடியோ, ஆடியோ, டெக்ஸ்ட் மெசேஜ் மூன்றுமே செல்லும். ஒரு பிரச்னைக்கு நேரில் பார்த்த டாக்டரிடம், அதே பிரச்னைக்காக ஆறு மாதத்துக்குள் பேசினால் அது ‘ஃபாலோ-அப்’ கணக்கு. இதற்கு டாக்டர் கட்டணம் வாங்கலாம். ‘இல்லைங்க, நேர்லதான் பார்க்கணும்’ என்று சொல்லவும் அவருக்கு உரிமை உண்டு.

ஆனால், நடைமுறையில் போன் நம்பர் என்பது ஒரு சலுகையாகத்தான் கைமாறுகிறது. சொந்தக்காரர், தெரிந்தவர், இங்கிலீஷில் நாலு வார்த்தை பேசுகிறவர், தயங்காமல் ‘டாக்டர், உங்க நம்பர் தர முடியுமா?’ என்று கேட்கிறவர்... இவர்களுக்குக் கிடைக்கிறது. கேட்கக் கூச்சப்படுகிறவருக்குக் கிடைப்பதில்லை. டாக்டர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஓ.பி-யில் நாள் முழுக்கப் பார்க்கும் அத்தனை பேருக்கும் நம்பர் கொடுத்தால் ராத்திரி தூங்க முடியாது. தினமும் ஒரு மணி நேரத்தை போனுக்கென்று ஒதுக்கி, சின்னதாக ஒரு கட்டணமும் வைத்தால் இந்தக் கூச்சம் பாதி போய்விடும் என்றே தோன்றுகிறது. காசு கொடுத்துக் கேட்கும்போது யாரும் தயங்குவதில்லை.

போன் யார் கையில்?

அதற்கும் முன்னால் கையில் போன் வேண்டும். 2019-21-ல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தானே பயன்படுத்தும் மொபைல் போன் வைத்திருக்கும் பெண்கள் இந்தியாவில் சுமார் 54 சதவிகிதம்தான். மற்றவர்கள் கணவர் போனில், மகன் போனில் பேச வேண்டும். வெள்ளைப்படுதல் பற்றியோ, கருத்தடை மாத்திரை பற்றியோ மகனின் போனில், அவன் பக்கத்தில் நிற்கும்போது எந்த அம்மா கேட்பார்? அப்பாயின்ட்மென்ட்டுக்கான ஓ.டி.பி-யோ, திருப்பூரில் வேலையில் இருக்கும் மகனின் போனுக்குப் போகும். அவன் ஷிஃப்ட் முடிந்து பார்ப்பதற்குள் அது காலாவதி.

போன் இருந்தாலும் ரீசார்ஜ் இருக்க வேண்டும். பேலன்ஸ் தீர்ந்த போனில் இருந்து ‘ஹோல்டு’ மியூசிக் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. பிறகு அந்த ‘ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும்’ குரல். பட்டனை அழுத்த போனைக் காதிலிருந்து எடுத்தால், தாத்தாவுக்கு அடுத்த வார்த்தை கேட்காது. காது கேளாதவர்களுக்கோ இந்தக் கதவு மொத்தமாகவே மூடியிருக்கிறது. டெக்ஸ்ட் மெசேஜுக்கு விதி இடம் கொடுத்தும், ஆஸ்பத்திரி கொடுக்கும் நம்பர் பெரும்பாலும் பேசுவதற்கு மட்டும்தான்.

இதில் ஆச்சர்யம், சில விஷயங்களில் கிராமம் முன்னால் நிற்பது. கர்ப்பிணிப் பெண்ணின் போனில் ‘நர்ஸம்மா’ என்று கிராம சுகாதார செவிலியரின் நம்பர் பதிவாகியிருக்கும். அடித்தால் எடுப்பார். எடுக்காவிட்டாலும், வீட்டைத் தேடியாவது போகலாம். நகரத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்த்தவருக்கு அந்த வசதி இல்லை, ரிசப்ஷனைத் தாண்டவே பத்து நிமிஷம் ஆகும்.

வசதியான நாடுகளிலும் இதே புலம்பல்தான். இங்கிலாந்தில் குடும்ப டாக்டரின் கிளினிக்குக்கு காலை 8 மணிக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் போன் அடிப்பது அரசியல் பிரச்னையாகவே ஆனது. 2023-ல் அங்கு எடுத்த நோயாளிகள் சர்வேயில், போனில் தொடர்புகொள்வது எளிது என்றவர்கள் ஏறக்குறைய பாதிப் பேர்தான். வரிசையில் உங்கள் இடத்தை வைத்துக்கொண்டு அவர்களே திருப்பி அழைக்கும் ‘கால்-பேக்’ வசதிக்காக அரசு பணம் ஒதுக்கியது. நம் ஆஸ்பத்திரிகளும் யோசிக்கலாம். ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் திருப்பி அழைப்பது நமக்குப் புதுசா என்ன?

இப்போதைக்கு என்ன வழி?

டாக்டர் நம்பர் இல்லாதவர்களுக்கு, தமிழ்நாட்டில் 104 மருத்துவ உதவி எண் இருக்கிறது. சாதாரண கீபேட் போனே போதும். மனநலப் பிரச்னைகளுக்கு 14416 (டெலி மானஸ்), 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். ஸ்மார்ட்போனும் நெட்டும் இருந்தால், மத்திய அரசின் ‘இ-சஞ்சீவனி’யில் ஓ.டி.பி மூலம் பதிந்து டோக்கன் எடுத்து வீடியோவில் டாக்டரைப் பார்க்கலாம், கட்டணம் கிடையாது. இவர்களெல்லாம் உங்களுக்கு அறுவைசிகிச்சை செய்த அதே டாக்டர் அல்ல என்பது நினைவிருக்கட்டும். மருந்துச் சீட்டையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

இதைப் படிக்கும் பலரும், ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்காக சென்னையில் இருந்தோ பெங்களூரில் இருந்தோ டாக்டரிடம் பேசுகிறவர்களாக இருப்பீர்கள். நோயாளி பக்கத்தில் இல்லாமல் நீங்கள் பேசுவதென்றால், உங்களுக்கு அவருடைய அங்கீகாரம் வேண்டும் என்கிறது அந்த நெறிமுறை. அடுத்த முறை நேரில் போகும்போது அம்மாவை விட்டே, ‘என் சார்பா என் பொண்ணு போன்ல பேசுவா டாக்டர்’ என்று சொல்லவைத்து, உங்கள் பெயரை ஃபைலில் எழுதச் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் ஆகும்போதே, ‘சந்தேகம்னா எந்த நம்பர், எத்தனை மணிக்கு, யார் எடுப்பாங்க?’ என்று கேட்டு, அம்மாவின் போனிலேயே சேவ் செய்து, ஆஸ்பத்திரி வாசலில் நின்றே ஒருமுறை அடித்துப் பாருங்கள். ரிங் மட்டும் போனால், அங்கேயே திரும்பி உள்ளே போய் வேறு நம்பர் வாங்கலாம்.

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வலிப்பு என்றால் எந்த டாக்டர் நம்பரையும் தேட வேண்டாம். நேராக 108.