ஒப்பந்தம் தராத கிளப்... 20 வயதில் உயிர் போராட்டம்... உலகின் காஸ்ட்லி டிஃபெண்டர் ஆன விர்ஜில் வான் டைக்: தொடக்க காலத்தில் நடந்தது என்ன?

லிவர்பூல் கேப்டன், நெதர்லாந்து கேப்டன், 2019 பாலன் டி'ஓர் விருதுப் பட்டியலில் மெஸ்ஸிக்கு அடுத்த இடம். விர்ஜில் வான் டைக் என்றதும் கால்பந்து ரசிகர்களுக்கு ஞாபகம் வருவது இதெல்லாம்தான். ஆனால் மெஸ்ஸி, எம்பாப்பே போல சின்ன வயதிலேயே ஊர் உலகம் பேசிய வீரர் இல்லை அவர். 18, 19 வயதில் அவர் மேல் யாருக்கும் பெரிய நம்பிக்கை கிடையாது. சொந்த நாட்டு ஜெர்சியை முதன்முதலில் போடும்போது அவருக்கு வயது 24. டிஃபெண்டர் என்றாலும் இது லேட்தான். ஏன் இவ்வளவு தாமதம்? இடையில் என்ன ஆச்சு?

பிரெடா பையன்

1991 ஜூலை 8-ம் தேதி நெதர்லாந்தின் தெற்குப் பகுதியில் உள்ள பிரெடா நகரில் பிறந்தவர் வான் டைக். அப்பா டச்சுக்காரர், அம்மா சுரினாம் வம்சாவளி. தென் அமெரிக்காவில் இருக்கும் சுரினாம் 1975 வரை டச்சு காலனி. குல்லிட், ரைக்கார்ட், சீடார்ஃப் என நெதர்லாந்து கால்பந்தின் பல பெரிய பெயர்களுக்கு அந்த நாட்டோடு ரத்த உறவு உண்டு. வான் டைக்கும் அந்த வரிசையில் வருபவர். சிறு வயதிலேயே பெற்றோர் பிரிந்துவிட, பிள்ளைகளை வளர்த்தது அம்மாதான். இன்றைக்கும் அவர் ஜெர்சியின் முதுகில் 'வான் டைக்' என்ற குடும்பப் பெயர் இருக்காது, 'விர்ஜில்' என்று மட்டுமே இருக்கும்.

உள்ளூர் கிளப்பில் ஆடிக்கொண்டிருந்த சிறுவனை, பக்கத்து நகரமான டில்பர்க்கின் வில்லெம் டூ கிளப் தன் அகாடமியில் சேர்த்துக்கொண்டது. அங்கே அவர் சென்டர் பேக் இல்லை, ரைட் பேக். உயரமும் அப்போது கிடையாது. கொஞ்சம் வேகம் குறைந்த, சாதாரண உயரமுள்ள ஒரு ரைட் பேக். அகாடமியில் இப்படி வருஷத்துக்கு பத்து பேர் வருவார்கள், போவார்கள்.

கைச்செலவுக்காக பிரெடாவில் ஒரு உணவகத்தில் பாத்திரம் கழுவும் பார்ட் டைம் வேலையும் செய்தார். பின்னாளில் இது பெரிய கதையாக பேசப்பட்டாலும், டச்சு பையன்கள் பலரும் அந்த வயதில் செய்கிற வேலைதான். அதில் சோகம் தேட வேண்டியதில்லை. அந்த வேலையையே முழுநேரமாக பார்க்க வேண்டியிருக்குமோ என்ற நிலைக்கு அவரது கால்பந்து வாழ்க்கை அப்போது வந்திருந்தது என்பதுதான் விஷயம்.

ஒரே மூச்சில் 18 சென்டிமீட்டர்

17 வயதை ஒட்டி திடீரென வளர ஆரம்பித்தார் வான் டைக். குறுகிய காலத்தில் சுமார் 18 செ.மீ உயர்ந்தார் என்று அகாடமி தரப்பில் பின்னர் சொல்லப்பட்டது. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் ஒரு விளையாட்டு வீரருக்கு இது பெரிய தலைவலி. எலும்பு வளரும் வேகத்துக்கு தசையும் தசைநாரும் ஈடுகொடுக்காது. முட்டி வலிக்கும், இடுப்பு பிடிக்கும். நேற்று வரை பழகிய ஓட்டமும் திரும்பலும் இன்று வேறு ஒருவரின் கால்களைக் கொண்டு செய்வது போல இருக்கும். வான் டைக்குக்கு முட்டியிலும் தொடை இடுக்கிலும் பிரச்னை வந்தது.

கிளப் முடிவெடுக்க வேண்டிய நேரமும் சரியாக அதுதான். பெரும்பாலான அகாடமிகள் 18, 19 வயதில்தான் யாருக்கு தொழில்முறை ஒப்பந்தம், யாருக்கு இல்லை என்று தீர்மானிக்கின்றன. உடம்பு அப்போதுதான் மாறிக்கொண்டிருக்கும் ஒரு பையனை அந்த நாளில் எடை போட்டால் குறைகள்தான் கண்ணில் படும். அப்போதைய ரிசர்வ் அணி பயிற்சியாளர் எட்வின் ஹெர்மன்ஸ், இவரிடம் குறைபாடுகள் அதிகம் என்று கருதினார். ஒப்பந்தம் வரவில்லை.

இதில் வில்லெம் டூ மேல் மட்டும் பழி போடுவது சரியாக இருக்காது. அயாக்ஸ், பிஎஸ்வி, ஃபெயனூர்ட் போன்ற பெரிய கிளப்களும் அந்தப் பையனை தேடி வரவில்லையே.

பார்த்த கண் ஒன்று இருந்தது. மார்ட்டின் கூமன். க்ரோனிங்கன் அணியின் முன்னாள் வீரர், அதே கிளப்புக்காக திறமைசாலிகளை தேடிக்கொண்டிருந்தவர். பார்சிலோனா ஜாம்பவான் ரொனால்ட் கூமனின் அப்பா என்றால் இன்னும் எளிதாகப் புரியும். அவர் கண்ணில் வான் டைக் பட, 2010-ல் டிரான்ஸ்ஃபர் கட்டணம் எதுவும் இல்லாமல் நாட்டின் வடகோடியில் இருக்கும் க்ரோனிங்கனுக்கு மாறினார். இந்த கூமன் குடும்பம் கதையில் மறுபடியும் வரும்.

க்ரோனிங்கன்: இரண்டு கோல், ஒரு தோல்வி

முதலில் இளையோர் அணிதான். உடம்பை தேற்றி, கூடுதல் பயிற்சி செய்து, 2011 மே 1-ம் தேதி ஏடிஓ டென் ஹாக் அணிக்கு எதிராக மாற்று வீரராக இறங்கினார். க்ரோனிங்கன் 4-2 என்று ஜெயித்தது.

அதே மாதம் 29-ம் தேதி, அதே எதிரணி. யூரோப்பா லீக் இடத்துக்கான பிளே-ஆஃப் இறுதியின் இரண்டாவது ஆட்டம். முதல் ஆட்டத்தில் க்ரோனிங்கன் 5-1 என்று செமத்தியாக அடி வாங்கியிருந்தது. இந்த ஆட்டத்தில்தான் வான் டைக் முதன்முறையாக தொடக்கத்திலிருந்தே களமிறக்கப்பட்டார். இரண்டு கோல் அடித்தார். க்ரோனிங்கன் அதே 5-1 கணக்கில் பழிதீர்த்தது. ஆனால் பெனால்டி ஷூட்-அவுட்டில் தோற்றுப்போனது. ஐரோப்பிய இடம் கிடைக்கவில்லை. அடுத்த சீசனுக்கு ஒரு சென்டர் பேக் கிடைத்தார்.

படுக்கையில் கையெழுத்திட்ட காகிதம்

2012. அணியில் இடம் கிட்டத்தட்ட உறுதியாகிவிட்ட நேரம். கடுமையான வயிற்று வலி வந்தது. முதலில் போன மருத்துவமனையில் மருந்து கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வலி குறையவில்லை. மகனின் நிலையைப் பார்த்து பயந்துபோன அம்மா வேறொரு மருத்துவமனைக்கு கொண்டுபோனார். குடல்வால் அழற்சி முற்றி, வயிற்று உள்ளுறை முழுக்க தொற்று பரவி, சிறுநீரகத்தையும் பாதித்திருந்தது அங்கேதான் தெரிந்தது.

குடல்வால் வலி நம்மூரிலும் கேள்விப்படுகிற விஷயம்தான். சரியான நேரத்தில் அறுவை சிகிச்சை செய்தால் சில நாட்களில் வீடு திரும்பலாம். ஆனால் அது வெடித்து, உள்ளே இருக்கும் கிருமிகள் வயிற்றுக்குள் பரவிவிட்டால் ரத்தத்தில் நச்சு ஏறும், ஒவ்வொரு உறுப்பாக செயலிழக்கத் தொடங்கும். 20 வயது, தினமும் பயிற்சி செய்கிற உடம்பு என்பதெல்லாம் அங்கே செல்லாது.

அவசர அறுவை சிகிச்சை நடந்தது. உடம்பெல்லாம் டியூப் மாட்டி, நடக்கக்கூட முடியாமல் கிடந்ததை பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார் வான் டைக். அப்போது ஒரு காகிதத்திலும் கையெழுத்து போட வேண்டியிருந்தது. ஒருவகையில் உயில் அது. தான் இறந்தால் பணத்தில் ஒரு பகுதி அம்மாவுக்கு என்று எழுதப்பட்டிருந்ததாம். அவருக்கும் அம்மாவுக்கும் அதைப் பற்றி பேசவே மனமில்லை, ஆனால் செய்தாக வேண்டியிருந்தது.

சீசனின் மிச்ச ஆட்டங்கள் போயின. எடையும் போனது. அடுத்த சீசனில் திரும்பி வந்து வழக்கம்போல ஆடினார் என்று ஒரு வரியில் எழுதிவிடலாம். அறுவை சிகிச்சை முடிந்த வயிற்றோடு முதல்முறை தலையால் பந்தை முட்ட எகிறியவருக்குத்தான் அது தெரியும். க்ரோனிங்கனுக்காக லீக்கில் மொத்தம் 62 ஆட்டங்கள், 7 கோல்கள்.

'இங்கே ரொம்ப நாள் இருக்கமாட்டே'

2013 ஜூனில் ஸ்காட்லாந்தின் செல்டிக் கிளப் சுமார் 26 லட்சம் பவுண்டு கொடுத்து அவரை வாங்கியது. அப்போதைய மேனேஜர் நீல் லெனன் முதல் பயிற்சியைப் பார்த்ததுமே, இங்கே ரொம்ப நாள் இருக்கமாட்டே, இருக்கிற வரை அனுபவி என்கிற அர்த்தத்தில் அவரிடம் சொன்னாராம்.

லெனன் கணித்தது சரிதான். நவம்பரில் ராஸ் கவுன்டிக்கு எதிராக இரண்டு கோல். டிசம்பர் 26-ம் தேதி செயின்ட் ஜான்ஸ்டனுக்கு எதிராக பந்தோடு ஓடி, எதிரணி வீரர்களை ஒவ்வொருவராக கடந்து போய் அடித்த கோல்தான் அந்த ஆட்டத்தின் ஒரே கோல். டிஃபெண்டர் செய்கிற வேலையா அது? சின்ன வயதில் ரைட் பேக்காக பந்தோடு ஏறி இறங்கிய பழக்கம், 6 அடி 4 அங்குல உடம்புக்குள் அப்படியே இருந்தது. தாமதமாக வளர்ந்ததால் நடந்த நன்மை இது. சிறு வயதிலேயே உயரமாக இருந்திருந்தால் 'பந்தை தூக்கி வெளியே அடி' என்று சொல்லியே வளர்த்திருப்பார்கள்.

அந்த சீசனில் செல்டிக் கோல்கீப்பர் ஃப்ரேசர் ஃபாஸ்டர் லீக்கில் தொடர்ந்து 1,256 நிமிடங்கள் கோல் விடாமல் ஸ்காட்டிஷ் சாதனை படைத்தார். முன்னால் நின்ற தடுப்பில் வான் டைக் முக்கியமானவர். அந்த தொடர் 2014 பிப்ரவரியில் அபர்டீன் மைதானத்தில் முடிந்தது. செல்டிக் அந்த லீக் சீசனில் தோற்ற ஒரே ஆட்டமும் அதுதான். சிவப்பு அட்டை வாங்கி வெளியே போனவர் யார் என்றால், அதே வான் டைக். அடுத்த ஆண்டு இன்டர் மிலானுக்கு எதிரான யூரோப்பா லீக் ஆட்டத்திலும் சிவப்பு அட்டை.

இதனால்தான் பெரிய கிளப்கள் தயங்கின. ரொம்ப கூலாக ஆடுகிறார், கவனம் சிதறுகிறது என்ற பேச்சு இருந்தது. ரேஞ்சர்ஸ் கிளப் அப்போது கீழ் டிவிஷனில் கிடந்ததால், செல்டிக்குக்கு லீக்கில் சரியான போட்டியே இல்லை. அங்கே ஜொலிப்பது பெரிய விஷயமா என்ற கேள்வியும் இருந்தது. 2014 உலகக் கோப்பைக்கு மூன்று சென்டர் பேக்குகளோடு ஆடிய லூயி வான் கால் அணியில்கூட அவருக்கு இடமில்லை. இரண்டு லீக் பட்டம், ஒரு லீக் கோப்பை, 115 ஆட்டங்கள், 15 கோல். அதன் பிறகும் 'பார்க்கலாம்' என்றுதான் இருந்தார்கள்.

மீண்டும் கூமன்

2015 செப்டம்பர் 1-ம் தேதி சவுத்தாம்ப்டன் 1.3 கோடி பவுண்டு கொடுத்தது. மேனேஜர் யார்? ரொனால்ட் கூமன். 2010-ல் அப்பா கண்டெடுத்த பையனை ஐந்து வருடம் கழித்து மகன் இங்கிலாந்துக்கு கூட்டிவந்தார். மார்ட்டின் கூமன் இதைப் பார்க்க உயிரோடு இல்லை, 2013-லேயே காலமாகிவிட்டார்.

அடுத்த மாதமே, அக்டோபர் 10-ம் தேதி கஜகஸ்தானுக்கு எதிராக நெதர்லாந்து அணியில் அறிமுகம். பிரீமியர் லீக் ஸ்ட்ரைக்கர்களை வாராவாரம் சமாளித்ததும் 'ஸ்காட்லாந்து சந்தேகம்' காணாமல் போனது. 2017 ஜனவரியில் சவுத்தாம்ப்டன் கேப்டன் ஆனார். ஆன சில நாட்களிலேயே லெஸ்டருக்கு எதிராக கணுக்கால் காயம். பிப்ரவரியில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிரான லீக் கோப்பை இறுதியை அவர் ஆட முடியவில்லை, அணி 3-2 என்று தோற்றது.

அந்த கோடையில் லிவர்பூல் அவரை முறையில்லாமல் அணுகியதாக சவுத்தாம்ப்டன் புகார் கொடுக்க, லிவர்பூல் பகிரங்கமாக மன்னிப்பு கேட்டு பின்வாங்கியது. வான் டைக் தன்னை விற்கச் சொல்லி எழுதிக் கொடுத்தும் சவுத்தாம்ப்டன் விடவில்லை. கடைசியில் டிசம்பர் 27-ம் தேதி ஒப்பந்தம் அறிவிக்கப்பட்டது. தொகை 7.5 கோடி பவுண்டு, அன்றைய மதிப்பில் 600 கோடி ரூபாய்க்கும் மேல். ஒரு டிஃபெண்டருக்கு அதுவரை உலகில் யாரும் கொடுக்காத விலை. ஒரு தடுப்பாட்டக்காரருக்கு இவ்வளவா என்று அப்போது கேலி செய்தவர்கள் ஏராளம்.

2018 ஜனவரி 5-ம் தேதி லிவர்பூல் ஜெர்சியில் முதல் ஆட்டம். எஃப்ஏ கோப்பை மூன்றாவது சுற்று, ஆன்ஃபீல்டு மைதானம், எதிரணி பக்கத்து வீட்டுக்காரர்களான எவர்டன். 1-1 என்று இழுத்துக்கொண்டிருந்த ஆட்டத்தில் 84-வது நிமிடம் கார்னர் வந்தது. எல்லோரையும் தாண்டி எகிறிய வான் டைக் தலையால் முட்டி வெற்றி கோல் அடித்தார். எவர்டனின் மேனேஜர் பதவியில் இரண்டரை மாதம் முன்பு வரை இருந்து, அக்டோபரில் நீக்கப்பட்டவர் ரொனால்ட் கூமன்.