விலக்கு நாளில் சுருங்கும் நுரையீரல்

கருப்பையின் உட்சுவரில் இருக்கும் திசுவைப் போன்றதொரு திசு கருப்பைக்கு வெளியே வளர்வதுதான் எண்டோமெட்ரியோசிஸ். சினைப்பையிலும் அடிவயிற்றிலும் அதைக் கண்டு பழகிய மருத்துவம், நெஞ்சுக்குள்ளும் அதைத் தேட வேண்டும் என்று உணர வெகுகாலம் ஆயிற்று.

நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனி நகரில் பணியாற்றிய மருத்துவர் ஜான் சாம்ப்சன் 1920களில் இந்நோய்க்கு ஒரு விளக்கம் தந்தார். மாதவிடாய் ரத்தத்தில் கொஞ்சம் சினைக்குழாய் வழியாகப் பின்னோக்கி வயிற்றுக்குள் வழிகிறது. அதனுடன் போகும் திசு விழுந்த இடத்தில் ஒட்டிப் பிழைக்கிறது என்றார். ரத்தக்குழாய் வழியாகவும் அது பரவலாம் என்று கருதினார்.

1958இல் மௌரர் என்ற மருத்துவரும் உடன் பணியாற்றியவர்களும் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ஒரு பெண்ணின் கதையை எழுதினார்கள். அவருக்கு நெஞ்சுக்கூட்டில் திரும்பத் திரும்பக் காற்று கட்டி நுரையீரல் சுருங்கியது. காரணம் நுரையீரலில் இல்லை, அதன் கீழே உள்ள உதரவிதானத்தில் வளர்ந்திருந்த எண்டோமெட்ரியோசிஸ். மாதவிடாயை ஒட்டி இப்படிக் காற்று கட்டுவதற்கு 1972இல் லில்லிங்டனும் வேறு இரு மருத்துவர்களும் ‘கேட்டமீனியல் நியூமோதோராக்ஸ்’ என்று பெயர் வைத்தார்கள். மாதந்தோறும் வருவது என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. மாதவிடாய் தொடங்குவதற்கு முந்தைய 24 மணி நேரம் முதல் தொடங்கிய பின் 72 மணி நேரம் வரை காற்று கட்டினால் இந்தக் கணக்கில் சேரும்.

பெரும்பாலும் வலப்பக்கமே பாதிக்கப்படுவது ஏன்? வயிற்றுக்குள் ஊறும் நீர், பெருங்குடலின் வலப்புறப் பள்ளம் வழியாக மேலேறிக் கல்லீரலுக்கு மேல் தேங்குகிறது. இடப்பக்கம் போகவிடாமல் கல்லீரலின் தசைநார் மறிக்கிறது. அந்த நீரோடு வந்து அங்கே ஒட்டிய திசு மாதாமாதம் கசிந்து உதரவிதானத்தை அரிக்கிறது. ஊசி குத்தியது போன்ற துளைகள் விழுகின்றன. வயிற்றிலிருந்து நெஞ்சுக்குள் காற்று ஏறும் வழி அதுதான் என்பது வலுவான விளக்கம். எல்லா நோயாளிக்கும் அது பொருந்துவதில்லை, சிலரிடம் துளையே தென்படாது.

1996இல் மருத்துவர்கள் ஜோசப்பும் சானும் நெஞ்சில் எண்டோமெட்ரியோசிஸ் உள்ள 110 பேரின் விவரங்களைத் தொகுத்தார்கள். 73 சதவீதத்தினருக்குக் காற்று கட்டியிருந்தது, 14 சதவீதத்தினருக்கு ரத்தம் கட்டியிருந்தது. 7 சதவீதத்தினர் இருமலில் ரத்தம் துப்பினார்கள். 6 சதவீதத்தினருக்கு நுரையீரலில் முடிச்சுகள். இருமலில் ரத்தம் என்றதும் காசநோயை நினைப்பது இயல்பு. விலக்குத் தேதியைக் கேட்காமல் விடுவதுதான் பிழை. விலக்கு நாளில் எடுத்த சி.டி. ஸ்கேனில் தெரிந்த நிழல், இரு வாரம் கழித்து எடுத்ததில் மங்கியோ மறைந்தோ இருந்தால் சந்தேகம் வலுக்கும். 1990களில் பரவிய, கேமரா வழி நெஞ்சு அறுவைச் சிகிச்சை, இந்தத் திசுவின் பழுப்பும் ஊதாவுமான புள்ளிகளை நேரில் பார்க்க வைத்தது.

தொடக்க காலத்தில் சிகிச்சையாகச் சினைப்பைகளையே அகற்றினார்கள். 1970களில் டானசால் என்ற ஹார்மோன் மருந்து வந்தது. முகத்தில் ரோமமும் தடித்த குரலும் அதற்கான விலை. பிறகு வந்த, சினைப்பையை உறங்கவைக்கும் ஊசிகள் எலும்பைத் தேய்த்தன. இப்போது துளையுள்ள பகுதியை வெட்டித் தைத்து, நுரையீரல் உறையை நெஞ்சுச் சுவரோடு ஒட்டவைத்து, அதன்பின் பல மாதங்கள் ஹார்மோன் மருந்து கொடுப்பது வழக்கம். அப்படியும் சிலருக்குத் திரும்ப வருகிறது.

நோயை உறுதிசெய்யும் ரத்தப் பரிசோதனை எதுவும் இன்றுவரை இல்லை.