எரகான் தொடர்: நாயகர்களும் பகைவர்களும்

அமெரிக்க எழுத்தாளர் கிறிஸ்டோபர் பவோலினியின் டிராகன் சாகச நாவல் வரிசை 'இன்ஹெரிட்டன்ஸ் சைக்கிள்'. மான்டானாவில் வளர்ந்த பவோலினி, 15 வயதில் இதை எழுதத் தொடங்கினார். முதல் நூலான 'எரகான்' 2002இல் குடும்பத்தாரின் சொந்த வெளியீடாக வந்தது. மறு ஆண்டே க்னாஃப் பதிப்பகம் அதை எடுத்துக்கொண்டது. 'எல்டெஸ்ட்' (2005), 'பிரிசிங்கர்' (2008), 'இன்ஹெரிட்டன்ஸ்' (2011) ஆகியவை தொடர்ந்தன.

கதை நடக்கும் கற்பனை நிலம் அலகேசியா. கார்வஹால் என்ற மலையடிவாரச் சிற்றூரில் மாமா வீட்டில் வளரும் எரகான், வேட்டைக்குப் போன காட்டில் நீலக் கல் ஒன்றைக் கண்டெடுக்கிறான். அது டிராகன் முட்டை. அதிலிருந்து பிறக்கும் சஃபைரா அவனுக்கு வெறும் வாகனம் அல்ல. மனத்தோடு மனம் பேசும் துணை, பல நேரங்களில் அவனைவிட நிதானமான அறிவு.

எதிரில் நிற்பவன் மன்னன் கால்பட்டோரிக்ஸ். அவனும் ஒரு காலத்தில் டிராகன் வீரனே. இளமைத் துணிச்சலில் வடக்கே சென்ற பயணத்தில் தன் டிராகனைப் பறிகொடுத்தான், வேறொன்று தரும்படி மூத்த வீரர்களை வேண்டினான், அவர்கள் மறுத்தார்கள். அந்தத் துயரம் வெறியாக முற்ற, ஷ்ருய்கன் என்ற குட்டியைத் திருடி மாயத்தால் கட்டிப்போட்டான். துரோகிகள் பதின்மூவரைச் சேர்த்துக்கொண்டு வீரர் குலத்தையே அழித்தான். நாயகனுக்கும் கொடியவனுக்கும் தொடக்கம் ஒன்றே என்பதுதான் இத்தொடரின் பெரும் பலம்.

இதை முழுமையாக உணர்த்துபவன் மர்டாக். துரோகிகளில் முதல்வனான மோர்சானின் மகன். மூன்று வயதில், குடிவெறியில் தந்தை வீசிய வாள் அவன் முதுகைக் கிழித்த தழும்பு இன்னும் இருக்கிறது. அதே சார்ராக் வாளைத்தான் முதல் நூலில் எரகான் ஏந்துகிறான். இருவரும் நண்பர்களாகிறார்கள். பிறகு மர்டாக் மன்னனிடம் சிக்குகிறான். தார்ன் என்ற சிவப்பு டிராகன் அவனுக்குக் கிடைக்கிறது. மர்டாக், தார்ன் இருவரையும் ஆட்டிவைக்க வல்ல அவர்களின் உண்மைப் பெயர்களை அறிந்த மன்னன், மீற முடியாத சத்தியங்களால் அவர்களை அடிமையாக்குகிறான். 'எல்டெஸ்ட்' இறுதியில், தானும் எரகானும் சகோதரர்கள் என்று சொல்லி அந்த வாளைத் தன் பரம்பரைச் சொத்தாகப் பறித்துக்கொள்கிறான் மர்டாக். தாய் மட்டுமே பொது, எரகானின் தந்தை வழிகாட்டி ப்ரோம்தான் என்பது அடுத்த நூலில் தெரியவருகிறது.

எரகானிடமும் குற்றம் உண்டு. எல்வா என்ற குழந்தைக்கு மந்திரங்களுக்குரிய பழைய மொழியில் அவன் பிழையாகச் சொன்ன ஆசி, சாபமாகிவிடுகிறது: சுற்றியிருப்பவர்களின் வலியையெல்லாம் அவள் தன்னுடையதாக உணர்ந்து தவிக்கிறாள். ஊரைக் காட்டிக்கொடுத்த கசாப்புக்காரன் ஸ்லோனை, மாறாக, எரகான் கொல்லாமல் விடுகிறான். ஸ்லோன் அந்தத் துரோகத்தைச் செய்தது மகள் கேட்ரினாவை இழக்கும் அச்சத்தில். அவளை மீட்கச் சுத்தியல் ஏந்திப் புறப்படும் எரகானின் மாமா மகன் ரோரன், மாயமோ டிராகனோ இல்லாத நாயகன். வாசகர் மனத்தில் நிற்பவன்.

மன்னனின் கையாட்களான டுர்சாவும் ராசாக்குகளும் இந்த அளவுக்கு எழுதப்படவில்லை. அவர்கள் அச்சுறுத்த வந்தவர்கள், அவ்வளவே.

இறுதிப் போரில் மன்னனை வாள் வீழ்த்தவில்லை. கிளர்ச்சிப் படைத் தலைவி நசுவாடா மீது கொண்ட அன்பால் மர்டாக்கின் உண்மைப் பெயர் மாறுகிறது, சத்தியங்கள் அறுகின்றன. அவன் மன்னனின் காப்பு மந்திரங்களை நீக்க, எரகான் ஏவும் மந்திரம், கால்பட்டோரிக்ஸ் பிறருக்கு இழைத்த வேதனை அனைத்தையும் அவனையே உணரச் செய்கிறது. தாங்கமாட்டாமல் அவன் தன்னையே அழித்துக்கொள்கிறான்.

2006இல் வெளிவந்த திரைப்படம் முதல் நூலோடு நின்றதால், மர்டாக்கின் இந்த மாற்றம் திரைக்கு வரவேயில்லை. 2023இல் பவோலினி 'மர்டாக்' நாவலை வெளியிட்டார். மக்கள் இன்னும் வெறுக்கும் மர்டாக்கும், சிறைப்பட்ட நாட்களின் விளைவாகக் குறுகிய இடங்களைக் கண்டு நடுங்கும் தார்னும் அதில் நாயகர்கள்; பேச்செல் என்ற சூனியக்காரி அவர்களின் பகை.