படத்தில் இல்லாதவை

1855ஆம் ஆண்டு கிரைமியப் போர்க்களத்தில் ராஜர் ஃபென்டன் எடுத்த ஒளிப்படங்கள் 300க்கும் மேற்பட்டவை. அத்தொகுப்பில் படைவீரர், கூடாரம், துறைமுகம் ஆகியவற்றைக் காண்கிறோம். மாண்டவர் ஒருவரையும் காண்பதில்லை. கண்ணாடித் தகட்டில் ஒளி பதியப் பல வினாடிகள் ஆனதால், ஓடும் குதிரை அதில் பதியாது. ஆயின், அசையாது கிடந்த உடல்களுக்கு அக்காரணம் பொருந்தாது.

செவஸ்தபோலுக்கு அருகே ஒரே பள்ளத்தாக்கை அவர் இருமுறை படமெடுத்தார். ஒன்றில் பாதை வெறுமையாக உள்ளது. மற்றொன்றில் அதன்மீது பீரங்கிக் குண்டுகள் கிடக்கின்றன. சரிவிலிருந்த சிறு கற்கள் குண்டுகள் உள்ள படத்தில் கீழே உருண்டிருப்பதை ஒப்புநோக்கி, வெறும் பாதையே முதலில் எடுக்கப்பட்டது என ஆய்வாளர் காட்டினர்.

படமும் ஒரு சான்றே, சான்றெனில் வினவுதற்குரியது. வகுப்பறையில் ஒரு படத்தை வைக்கும்போது, அதில் இருப்பது யாது என்பதோடு இல்லாதது யாது என்றும் கேட்போமாக.