எந்த மலை சிறந்தது? ஒரு விடுமுறை வினாவின் இருநூறு ஆண்டு வரலாறு

டிசம்பர் விடுமுறை நெருங்கும்போது பெங்களூருவின் மாணவர் விடுதிகளில் ஒரு விவாதம் தவறாமல் எழுகிறது. பனிச்சறுக்குக்குச் சிறந்த இடம் காஷ்மீரத்துக் குல்மார்க்கா, உத்தராகண்டின் ஔலியா, இமாசலத்தின் சோலாங் பள்ளத்தாக்கா? சரிவின் நீளம், பனியின் ஆழம், கம்பிவட ஊர்தி, தங்கும் செலவு ஆகியவற்றை ஒப்பிட்டு முடிவு காண முயல்கிறார்கள். மலைகளை இவ்வாறு வரிசைப்படுத்தித் தரம் பார்க்கும் பழக்கம் இந்நகருக்குப் புதிதன்று. கும்பினி ஆட்சிக் காலத்தில் இங்கிருந்த படைவீரர்களும் அதிகாரிகளும் ஏறத்தாழ இதே வினாவைக் கேட்டனர். அவர்கள் எவற்றை அளந்தார்கள், எவற்றை அளக்காமல் விட்டார்கள் என்பது இன்றைய விவாதத்துக்கும் பயன்படும் என்பதால் இப்பதிவை எழுதுகிறேன்.

முதலில் இயற்கை விதித்த எல்லையைச் சொல்லிவிடலாம். தென்னிந்திய மலைகள் பனிச்சறுக்குக்கு இடம் தருவதில்லை. நீலகிரியின் மிக உயர்ந்த சிகரமான தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டர். நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு அருகில் வெண்பனி தங்கி நிற்க இன்னும் ஆயிரக்கணக்கான மீட்டர் உயரம் வேண்டும். உதகையின் புல்வெளிகளை டிசம்பர், ஜனவரி விடியல்களில் வெளுக்கச் செய்வது உறைபனி; வெயில் ஏறினால் அது கரைந்துவிடும். தொல்காப்பியம் குறிஞ்சிக்குரிய பெரும்பொழுதுகளாகக் கூதிரையும் முன்பனியையும் வகுத்தபோதும், பனி என்ற சொல் இரவில் இறங்கும் ஈரக்குளிரையே குறித்தது. தெற்கே வந்த ஐரோப்பியர் மலைகளில் நாடியதும் இந்தக் குளிரைத்தான். காய்ச்சலாலும் வயிற்றுக்கடுப்பாலும் நலிந்த ஒருவர் தாய்நாடு திரும்பித் தேறுவதென்றால் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி மாதக்கணக்கில் கப்பலில் செல்ல வேண்டும். எனவே அருகிலுள்ள குளிர்ந்த மலை அவர்களுக்கு மருந்தாகத் தோன்றியது.

பெங்களூருவே இத்தகைய தேர்வுகளுள் ஒன்று. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருந்த ஆங்கிலேயப் படை நோய்களால் அவதியுற்றது. 1809இல் பெங்களூருவில் புதிய பாசறை அமைக்கப்பட்டது. இங்கிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில் 1,478 மீட்டர் உயரத்தில் நிற்கிறது நந்தி மலை. திப்பு சுல்தான் கோடையில் தங்கிய கோட்டை அது; 1791 அக்டோபரில் கார்ன்வாலிஸின் படையிடம் வீழ்ந்தது. 1834 முதல் 1861 வரை மைசூரின் ஆணையராக இருந்த மார்க் கப்பன் அதன் உச்சியில் தமக்கு ஒரு வீடு கட்டிக்கொண்டார்.

எனினும் நந்தி மலை பெருநகரம் ஆகவில்லை. காரணத்தை எளிய கணக்கால் அறியலாம். உயரம் ஆயிரம் மீட்டர் கூடும்போது வெப்பம் சராசரியாக 6.5 பாகை குறைகிறது. நந்தி பெங்களூருவைவிட 550 மீட்டரளவே உயர்ந்தது. ஆகவே அங்குக் கிடைக்கும் தணிவு மூன்று, நான்கு பாகை மட்டுமே. உதகையோ 2,240 மீட்டரில் இருப்பதால் அத்தணிவு இருமடங்குக்கும் மேல். பாறைமேல் எழுந்த ஒரு கோட்டைக்குள் சில வீடுகள் அமையலாம். ஏரி, சந்தை, தோட்டம், குதிரைப் பந்தயத் திடல் ஆகியவற்றுக்கு அங்கு இடமேது?

ஆனால் வெப்பமானி மட்டுமே உதகையைத் தேர்ந்தெடுத்துவிடவில்லை. கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் 1819இல் நீலகிரிக்கு ஏறினார். முதலில் கோத்தகிரிக்கு அருகே திம்பட்டியிலும், பின்னர் உதகையிலும் வீடு கட்டினார். நீரோடையை மறித்து ஏரி அமைத்தார். ஆளுநர் லஷிங்டன் காலத்தில் அரசுப் பணம் குவிந்தது. குன்னூர் வழியாக மலைப்பாதை வெட்டப்பட்டது. 1829இல் புனித ஸ்தேவான் ஆலயத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டபோது, அதற்குரிய மரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் அரண்மனையைக் கலைத்துக் கொண்டுவரப்பட்டன. வீழ்ந்த அரசின் உத்தரங்களே புதிய மலைநகரின் கூரையைத் தாங்கின. 1870 முதல் சென்னை மாகாண அரசு கோடைதோறும் உதகைக்கு இடம்பெயர்ந்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து புறப்பட்ட மலை ரயில் 1899இல் குன்னூரையும் 1908இல் உதகையையும் எட்டியது. 1847இல் நோய் தேறுவதற்காக அங்கு வந்த ரிச்சர்டு பர்ட்டன், 1851இல் வெளியிட்ட நூலில் உதகை வாழ்வைச் சலிப்போடு எள்ளி நகையாடினார். அதனால் உதகையின் புகழ் குறையவில்லை. சாலை, ரயில், தலைமைச் செயலகம் ஆகிய மூன்றும் சென்ற மலையே சிறந்த மலை என்று பெயர் பெற்றது.

இந்தத் தேர்வில் அளக்கப்படாதது ஒன்று உண்டு. உதகை ஆளற்ற நிலமன்று. தோடர்கள் அங்கு எருமை மேய்த்தார்கள். படகர், கோத்தர், குறும்பர், இருளர் ஆகியோரும் அம்மலையின் மக்கள். மேய்ச்சல் புல்வெளியைத் தரிசு நிலமாகக் கண்ட கண்ணுக்கு அங்கு உரிமையாளர் எவரும் தென்படவில்லை. இதில் சல்லிவனின் நிலை முரண்பட்டது. தோடர்களின் நிலத்தை மிகக் குறைந்த விலைக்கு வாங்கிப் பெருநிலக்காரரான அவரே, பின்னர் அந்நிலத்தின் முழு உரிமையாளர்கள் தோடர்கள்தாம் என்று அரசிடம் வாதிட்டார். லஷிங்டன் அதை ஏற்கவில்லை. இந்த வழக்காடல் நடந்த ஆண்டுகளிலேயே வீடுகளும் தோட்டங்களும் பெருகிக்கொண்டிருந்தன.

நூறாண்டு கழித்து, 1927இல், இருவேறு மலைகளில் இருவேறு காட்சிகளைக் காண்கிறோம். இரத்த அழுத்தத்தால் தளர்ந்த காந்தியடிகள் அவ்வாண்டு ஏப்ரலில் நந்தி மலைக்கு வந்து சில வாரங்கள் ஓய்வெடுத்தார். அதே ஆண்டில் குல்மார்க்கில் ஆங்கிலேயர்கள் இந்தியப் பனிச்சறுக்குக் கழகத்தைத் தொடங்கினர். நோயாளிக்குச் சிறந்த மலை வேறு, விளையாட்டு வீரருக்குச் சிறந்த மலை வேறு. யாருக்கு, எதற்கு என்று கேளாமல் 'சிறந்தது' என்ற சொல்லுக்குப் பொருள் கொள்ள இயலாது.

இன்று அளவுகோல் மெல்லத் திரும்புகிறது. சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி 2024 மே மாதம் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் முறை வந்தது. 2025 கோடையில் நீலகிரிக்குள் வார நாள்களில் 6,000, வார இறுதியில் 8,000 சுற்றுலா வாகனங்கள் என வரம்பு விதிக்கப்பட்டது. மலையின் தாங்குதிறனைக் கணக்கிடும் பணியில் சென்னை ஐ.ஐ.டி.யோடு பெங்களூரு ஐ.ஐ.எம். நிறுவனமும் ஈடுபடுத்தப்பட்டது. மலை நமக்கு என்ன தரும் என்று கேட்ட நகரிலிருந்தே, மலை எவ்வளவு தாங்கும் என்ற கேள்விக்கு விடை தேடப்படுகிறது. வடக்கிலும் நிலைமை இலகுவாக இல்லை: 2025 பிப்ரவரியில் குல்மார்க்கில் நடக்கவிருந்த கேலோ இந்தியா குளிர்காலப் போட்டிகள் பனி போதாமையால் தள்ளிவைக்கப்பட்டன.

விடுதி மேசையில் குல்மார்க்கையும் ஔலியையும் ஒப்பிடும் மாணவ நண்பர்களைப் பயணம் போகாதீர்கள் என்று நான் தடுக்கவில்லை. உங்கள் ஒப்பீட்டு அட்டவணையில் இன்னும் மூன்று பத்திகளைச் சேருங்கள்: அந்தச் சரிவு முன்பு யாருடைய மேய்ச்சல் நிலம், அங்குள்ளோர் குடிநீருக்கு எதை நம்பியிருக்கிறார்கள், நாம் செலவிடும் பணத்தில் அவர்களுக்கு எவ்வளவு சேர்கிறது. சல்லிவன் காலத்தில் இவ்வினாக்கள் காலந்தாழ்ந்தே எழுந்தன. நீங்கள் பயணச்சீட்டு எடுப்பதற்கு முன்பே கேட்கலாம்.