கின் வாசிப்பவர்

உத்தியோகத்தில் இருப்பவர்களுக்கெல்லாம் என்றாவது ஒருநாள் அத்தனையையும் உதறிவிட்டுப் போய்விடலாமா என்று தோன்றும். தோன்றியதோடு சரி. உரகாமி கியோகுடோ போயேவிட்டார்.

1745-இல் பிறந்தவர். ஜப்பானில் ஒகயாமாப் பக்கம், இகேதா வம்சத்துக் கிளைப் பிரபு ஒருவரிடம் சேவகம் செய்த ஸமுராய். மனசெல்லாம் 'கின்' என்ற ஏழு தந்திச் சீன வாத்தியத்தில். கியோகுடோ என்ற பெயரே, அவர் வாங்கிய பழைய கின் ஒன்றில் பொறித்திருந்த எழுத்துக்களிலிருந்து எடுத்துக்கொண்டதுதான். பிள்ளைகளையும் விடவில்லை. ஷுன்கின், ஷூகின் என்று பெயர் வைத்தார். வசந்தத்தின் கின், இலையுதிர்காலத்தின் கின்.

1787-இல் பதவி போயிற்று. 1792-இல் மனைவி இறந்தாள். 1794-இல், ஐம்பதாவது வயதில், இரண்டு பையன்களோடு புறப்பட்டவர் திரும்பவில்லை. இளையவனுக்குப் பத்து வயதுகூட நிரம்பவில்லை. பிரபுவை விட்டு ஓடுவது ஸமுராய்க்கு அடாத காரியம். சம்பளம், வீடு, அந்தஸ்து எல்லாம் அத்தோடு சரி. பிறகு ஊர் ஊராக அலைச்சல். இளையவன் வடக்கே அய்ஸு சமஸ்தானத்தில் இசைப் பணியில் அமர்ந்தான்.

சித்திரம் பிழைப்புக்கல்ல, படித்தவன் தன் மனசைத் தீட்டுவது என்பது சீனத்துப் பண்டிதர்களின் கொள்கை. ஜப்பானில் அந்த வழிக்கு 'நங்கா' என்று பெயர். அந்த வழியில் வந்த பலர் படம் விற்றுத்தான் பிழைத்தார்கள். கதை எழுதிப் பிழைக்கிற நான் அதைக் குற்றம் சொல்ல முடியுமா? ஆனால் கியோகுடோவின் படத்தைப் பார்த்தால், வாங்க வருபவனை அவர் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை என்று தெரிகிறது. ஈரம் வற்றிய தூரிகையால் தேய்த்துத் தேய்த்து, கோட்டின்மேல் கோடாக மலையை எழுப்புகிறார். சிலவற்றில் 'போதையில் வரைந்தது' என்றே எழுதிவைத்திருக்கிறார். கையொப்பமோ 'கின் வாசிக்கும் கியோகுடோ'. ஓவியன் என்றல்ல.

'உறைந்த மேகம் பனியைச் சலிக்கிறது' என்ற படம்தான் எனக்கு எல்லாவற்றிலும் பெரிது. மாவு சலிப்பதுபோல் வானம் பனியைச் சலிக்கிறது. மலையின் வெண்மை வெறும் காகிதம். சுற்றிலும் புகைக்கரி போன்ற இருட்டு. கிளைகளுக்கிடையே சிவப்புப் புள்ளிகள் சில. அந்தக் குளிரில் அந்தச் சிவப்பை வைக்க எப்படித்தான் தோன்றிற்றோ! 1968-இல் நோபல் பரிசு பெற்ற நாவலாசிரியர் கவாபாதா யாசுனாரி இதை விலைக்கு வாங்கித் தம்மிடமே வைத்திருந்தார். இன்று அது ஜப்பானின் தேசியச் செல்வம்.

கடைசிக் காலத்தில் கியோட்டோவில் மூத்த மகன் ஷுன்கினோடு இருந்தார். மகனும் ஓவியன், நறுவிசான கை, ஊரெல்லாம் பெயர். 1820-இல் கிழவர் கண்ணை மூடியபோது, கியோட்டோவில் உரகாமி என்றால் மகனைத்தான் நினைத்தார்கள்.