பழைய கணினியைக் கைமாற்றும் முன்

கணினியில் ஒரு கோப்பை அழித்துவிட்டதாக நாம் நினைக்கும்போது, பெரும்பாலும் அது அழிவதில்லை. கண்ணில் படாமல் மறைகிறது, அவ்வளவுதான். பழைய கணினியை விற்கவோ தானமாகக் கொடுக்கவோ எண்ணும் எவரும் முதலில் அறிய வேண்டியது இதுதான்.

லண்டன் கோலியர்ஸ் வுட்டில் எங்கள் தெருவில் வசிக்கும் யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர் தம்முடைய பழைய மடிக்கணினியை ஊரிலுள்ள பள்ளி ஒன்றுக்கு அனுப்ப விரும்பினார். "எல்லாத்தையும் அழிச்சுப்போட்டன் தம்பி, ஒருக்கா வடிவாப் பாருங்கோ" என்று என்னிடம் கொண்டுவந்தார். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மீட்பு மென்பொருள் ஒன்றை அதில் ஓட்டினேன். அரை மணி நேரத்தில் அவருடைய கடவுச்சீட்டின் நகலும் வங்கிக் கணக்கு விவரங்களும் திரையில் வந்தன. கூடவே, படிவம் நிரப்ப உதவி கேட்டு அவரிடம் வந்த உறவினர்களின் அகதி விண்ணப்பக் கடிதங்களும் வந்தன. "என்ர சாமான் போனாலும் பரவாயில்லை, அவையின்ர கடிதம் வெளியில போகக்கூடாது" என்றார். புலம்பெயர்ந்த தமிழர்களிடையே ஒரு வீட்டுக் கணினி பல குடும்பங்களின் ஆவணப் பெட்டியாகவும் இருப்பது வழக்கம்.

ஏன் அழிவதில்லை?

வன்தட்டை ஒரு நூலகமாக எண்ணிக்கொள்ளுங்கள். ஒரு கோப்பை நீக்கினால் நூற்பட்டியலில் உள்ள அட்டை மட்டுமே கிழிக்கப்படுகிறது. புத்தகம் அலமாரியிலேயே இருக்கிறது. அந்த இடத்தில் வேறொன்று எழுதப்படும்வரை அதை மீட்க முடியும். குப்பைத் தொட்டியைக் காலி செய்வதும், 'குவிக் ஃபார்மேட்' செய்வதும் இத்தகைய வேலைகளே.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் சிம்சன் கார்ஃபிங்கலும் அபி ஷெலாட்டும் பழைய சந்தையில் 158 வன்தட்டுகளை வாங்கிச் சோதித்து, 2003இல் முடிவுகளை வெளியிட்டனர். படிக்க முடிந்த 129இல் முறையாகத் துடைக்கப்பட்டிருந்தவை 12 மட்டுமே.

இங்கிலாந்தில் நடந்தவை

பிரைட்டன் நகர அரசு மருத்துவமனை அறக்கட்டளை சுமார் 1000 வன்தட்டுகளை அழிக்கும் பொறுப்பு ஒரு தனிநபரிடம் போய்ச் சேர்ந்தது. அவற்றில் குறைந்தது 252 வெளியே போயின. 2010இல் பல இணைய ஏலத்தில் விற்கப்பட்டன. வாங்கியவர்களில் ஒருவர் பல்கலைக்கழக மாணவர். எச்.ஐ.வி. நோயாளிகளின் விவரங்கள்கூட அவற்றில் இருந்தன. தகவல் ஆணையர் அலுவலகம் 2012இல் அந்த அறக்கட்டளைக்கு 3,25,000 பவுண்டு அபராதம் விதித்தது.

அடுத்த ஆண்டே, லண்டனை அடுத்துள்ள சர்ரே மாவட்டத்தின் சுகாதார அமைப்புக்கு 2,00,000 பவுண்டு அபராதம். இணைய ஏலத்தில் ஒருவர் வாங்கிய பழைய கணினியில் சுமார் 3000 நோயாளிகளின் குறிப்புகள் இருந்தன. கணினிகளைக் கட்டணமின்றி அழித்துத் தருவதாகவும், தேறும் பாகங்களை விற்றுக்கொள்வதாகவும் சொன்ன ஒரு நிறுவனத்தை நம்பியதன் விளைவு அது. 'இலவசமாக எடுத்துக்கொள்கிறோம்' என்பவர்களிடம் கொடுக்கும் முன் வன்தட்டை நாமே கவனித்துவிடுவது நல்லது.

செய்ய வேண்டியவை

1. நகல் எடுங்கள். புகைப்படங்கள், ஆவணங்கள், மின்னஞ்சல் கோப்புகள், உலாவியில் சேமித்த கடவுச்சொற்கள் ஆகியவற்றை வெளி வன்தட்டு ஒன்றில் எடுத்து, வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த தமிழ்க் கோப்புகள் இருந்தால் அவற்றை யூனிகோடுக்கு மாற்றுங்கள், அல்லது எழுத்துருவையும் சேர்த்து எடுத்து வையுங்கள். எழுத்துரு இல்லையேல் அப்பாவின் கட்டுரை வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும்.

2. கணக்குகளிலிருந்து வெளியேறுங்கள். ஆப்பிள் கணினியில் 'ஃபைண்ட் மை' வசதியை அணைக்காமல் கொடுத்தால், புதிய கணினிகளில் வாங்கியவரால் அதைப் பயன்படுத்தவே முடியாமல் போகலாம். மைக்ரோசாஃப்ட், கூகிள் கணக்குகளின் சாதனப் பட்டியலிலிருந்தும் பழைய கணினியை நீக்குங்கள். இருபடிச் சரிபார்ப்புக்கு இந்தக் கணினியையே நம்பியிருந்தால் முதலில் அதை வேறு சாதனத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

3. எந்த வகைத் தட்டு என்று பாருங்கள். சுழலும் வன்தட்டுக்கு ஒரு முறை, எஸ்.எஸ்.டி. எனப்படும் திடநிலைத் தட்டுக்கு வேறு முறை.

4. சுழலும் வன்தட்டு என்றால் முழுவதும் மேலெழுதுங்கள். விண்டோஸில் 'ரீசெட் திஸ் பிசி' என்பதில் 'ரிமூவ் எவ்ரிதிங்' தேர்ந்து, அதனுள் 'கிளீன் டேட்டா' என்பதையும் இயக்க வேண்டும். இந்தக் கடைசிப் படியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். இதற்குப் பல மணி நேரம் ஆகும். 'என்வைப்' போன்ற இலவச மென்பொருளை யு.எஸ்.பி.யிலிருந்து இயக்கியும் துடைக்கலாம். 35 முறை எழுத வேண்டும் என்ற நம்பிக்கை பீட்டர் குட்மனின் 1996 கட்டுரையிலிருந்து வந்தது. பழைய பல வகைத் தட்டுகளையும் மனதில் வைத்து அவர் சொன்னது அது. இன்றைய தட்டுகளுக்கு அது தேவையில்லை என்று அவரே பின்னர் எழுதினார். ஒரு முறை முழுமையாக எழுதினால் வீட்டுத் தேவைக்குப் போதும்.

5. திடநிலைத் தட்டில் மேலெழுதுவதை மட்டும் நம்ப முடியாது. நினைவகத் துண்டுகள் சீராகத் தேய வேண்டும் என்பதற்காக, எழுதுவதை அந்தத் தட்டே வேறு வேறு இடங்களுக்குத் திருப்பிவிடும். பழையது எங்கோ ஒரு மூலையில் தங்கிவிடலாம். தட்டைத் தயாரித்தவர் தரும் மென்பொருளில் உள்ள 'செக்யூர் எரேஸ்' கட்டளையைப் பயன்படுத்துங்கள். வாங்கிய நாளிலிருந்தே பிட்லாக்கர் அல்லது ஃபைல்வால்ட் மூலம் தட்டு முழுவதும் மறையாக்கம் செய்யப்பட்டிருந்தால் வேலை எளிது: சாவியை அழித்தால் மீதமிருப்பது யாருக்கும் புரியாத குப்பை. டி2 அல்லது ஆப்பிள் சில்லு உள்ள மாக் கணினிகளில், 2021இல் வந்த மான்டரே பதிப்பு முதல் உள்ள 'எரேஸ் ஆல் கன்டென்ட் அண்ட் செட்டிங்ஸ்' இதைத்தான் செய்கிறது.

6. சோதியுங்கள். மீட்பு மென்பொருளை நீங்களே ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். மறையாக்கம் செய்த தட்டானால் பழைய கோப்பு எதுவும் திறக்கக்கூடாது.

7. கணினி உயிர் பெறாவிட்டால் தட்டைக் கழற்றி வைத்துக்கொண்டு மற்றதைக் கொடுங்கள். தட்டை வேறொரு கணினியில் இணைத்துத் துடைக்கலாம். உடைப்பதானால் கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். மடிக்கணினித் தட்டுகள் பலவற்றின் உள்ளே இருப்பது கண்ணாடி வட்டு, சில்லுசில்லாகத் தெறிக்கும். திடநிலைத் தட்டில் ஒவ்வொரு நினைவகச் சில்லும் உடைய வேண்டும். உப்பிய மின்கலத்தைக் குத்தவோ வளைக்கவோ கூடாது.

யாருக்குக் கொடுப்பது?

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. விண்டோஸ் 11க்குத் தகுதி பெறாத கணினிகளில் லினக்ஸ் நிறுவிக் கொடுத்தால் மாணவர்களுக்கு இன்னும் சில ஆண்டுகள் பயன்படும். மின்னூட்டியையும் சேர்த்துக் கொடுங்கள். அது இல்லாத மடிக்கணினி பாதிக் கொடைதான்.

ஊருக்கு அனுப்புவோர் இயங்கும் கணினியை மட்டும் அனுப்ப வேண்டும். பழுதானவை சட்டப்படி மின்கழிவு. பாசல் உடன்படிக்கையின் திருத்தங்கள் 2025 ஜனவரி 1 முதல் மின்கழிவு அனைத்துக்கும், பெறும் நாட்டின் முன்னனுமதியைக் கட்டாயமாக்கிவிட்டன. பழுதானவற்றை உள்ளூர் மன்றத்தின் மறுசுழற்சி நிலையத்தில் சேருங்கள். எங்கள் மெர்ட்டன் மன்றத்துக்கு அது மோர்டன் கார்த் சாலையில் இருக்கிறது.

கடல் கடந்தால் தடயம் மறையும் என்றும் எண்ண வேண்டாம். 2009இல் அமெரிக்கத் தொலைக்காட்சியின் 'ஃபிரன்ட்லைன்' குழு கானா நாட்டில் வாங்கிய பழைய வன்தட்டு ஒன்றில், நார்த்ராப் குரும்மன் என்ற பாதுகாப்புத்துறை நிறுவனத்தின் ஒப்பந்த விவரங்கள் இருந்தன.

அண்ணனின் வன்தட்டைத் துடைக்க ஓர் இரவு முழுவதும் ஆனது. காலையில் மீட்பு மென்பொருளை மீண்டும் ஓட்டினோம். ஒரு கோப்பும் வரவில்லை. அதன் பிறகுதான் லினக்ஸ் நிறுவி, தமிழ் விசைப்பலகையும் சேர்த்து, பெட்டியில் போட்டு ஒட்டினோம்.